மரத்தில் பஞ்சு வெடித்தால்: ஊசியிலைச் செடிகளும் சாறு உறிஞ்சும் பூச்சிகளும்

பக்கத்து வீட்டுப் பாட்டிதான் முதலில் பார்த்தார். "மக்களே, ஒங்க கிறிஸ்துமஸ் மரத்துல பஞ்சு வெடிச்சிருக்கே, பாத்தியா?" என்றார். அது பிப்ரவரி மாதம். டிசம்பரில் பனி மாதிரி தெரியட்டும் என்று பிள்ளைகள் ஒட்டிய பஞ்சில் மிச்சம் இருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். கிட்டே போய் ஒரு துணுக்கைக் கிள்ளி விரலில் வைத்து நசுக்கினேன். ஈரமாக, பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியது. பஞ்சுக்கு ஏது உடம்பு?

அது மாவுப்பூச்சி, பஞ்சு போர்த்திக்கொண்டு மரச்சாற்றை உறிஞ்சும் பூச்சி. அடுத்த இரண்டு மாதம் அதனோடு மல்லுக்கட்டியதில் நான் செய்த தவறுகளும் கற்றுக்கொண்ட விஷயங்களும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. செடி வளர்ப்பில் புதியவர்களுக்காக எழுதுகிறேன். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

முதலில், எதையெல்லாம் ஊசியிலை மரம் என்கிறோம்? குமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீட்டு முற்றத்திலும் ஆலய வளாகத்திலும் அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கிறதே, அந்த அரக்கேரியா ஒன்று. நம் ஊரில் அதற்குப் பெயரே கிறிஸ்துமஸ் மரம்தான். அப்புறம் விசிறி விசிறியாக இலை வைக்கும் துஜா, தொட்டியில் வளர்க்கும் ஜூனிபர், மஞ்சள் நுனி வைக்கும் சைப்ரஸ். வீட்டுத் தோட்டத்தில் பெரும்பாலும் இவ்வளவுதான். கடற்கரையில் வளர்கிற சவுக்கு பார்க்க அப்படியே ஊசியிலை போல இருந்தாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததில்லை. அது பூக்கும் தாவரம். ஊசி போலத் தெரிவது அதன் இலையல்ல, பச்சை நிறச் சிறு தண்டு. குடில் கட்டச் சவுக்குக் கொப்பு வெட்டிவரும்போது ஒரு ஊசியைக் கணுக்கணுவாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் பொடிப்பொடியாகச் செதில் தெரியும். அவைதான் உண்மையான இலைகள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவில் தானாகவே வளரும் ஊசியிலைக் குடும்பத்து மரம் ஒன்றே ஒன்றுதான். நாகெயா வாலிச்சியானா என்பது அதன் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதற்கு இலை ஊசியாக இருக்காது, அகலமாக இருக்கும். மற்றபடி நாம் வளர்ப்பதெல்லாம் வெளியூர்ச் சரக்கு. அரக்கேரியாவின் சொந்த ஊர் பசிபிக் கடல் தீவுகள். நர்சரிகளில் நார்ஃபோக் தீவு பைன் என்று கொடுப்பதில் பெரும்பகுதி உண்மையில் நியூ கலிடோனியாவின் குக் பைன். இளஞ்செடியில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். பூச்சியைப் பொறுத்தவரை அதனால் பெரிய வித்தியாசமும் இல்லை.

இந்த மரங்களுக்கு ஏன் தனிக் கவனம்?

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் நாம் என்ன செய்வோம்? கொப்பை ஒட்ட வெட்டித் தள்ளுவோம். ஒரு மாதத்தில் தளதளவென்று தளிர்த்துவிடும். இதே வேலையை அரக்கேரியாவில் செய்தால் அந்த அடுக்கு போனது போனதுதான். கீழ் அடுக்கில் ஒரு கிளை காய்ந்து விழுந்தால் அந்த இடத்தில் மறுபடி கிளை வராது. மரம் இருக்கும் வரை அந்த ஓட்டை தெரிந்துகொண்டே இருக்கும். துஜா, ஜூனிபர், சைப்ரஸிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பச்சை உள்ள நுனியில் கத்தரித்தால் துளிர்க்கும். பழுப்பேறிய பழைய தண்டுவரை வெட்டினால் பெரும்பாலும் துளிர்க்காது.

ஒரு ஊசியிலை பல வருஷம் மரத்திலேயே இருந்து வேலை செய்யும். வருஷா வருஷம் இலையுதிர்த்துப் புது இலை போடும் மரத்துக்கு இழப்பை ஈடுகட்ட வழி உண்டு. இதற்கு அது குறைவு. அதனால் பூச்சியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை.

அலட்சியமாக விட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. அங்கே ஹெம்லாக் என்று ஒரு ஊசியிலை மரம். ஜப்பானிலிருந்து போய்ச் சேர்ந்த ஒரு கம்பளிப் பூச்சி 1951ல் வர்ஜீனியா மாநிலத்தில் அதன்மேல் காணப்பட்டது. கம்பளிப்பூச்சி என்றதும் நம்மூர் அரிப்புப் புழுவை நினைக்க வேண்டாம். இது அசுவினிக்கு (இளந்தளிரில் கூட்டமாக மொய்த்துச் சாறு உறிஞ்சுமே, அந்தப் பொடிப் பூச்சி) சொந்தம், வெள்ளைக் கம்பளி போர்த்தியது போல இருக்கும், கடுகைவிடச் சிறியது. அப்படிப்பட்ட பூச்சி கிழக்கு அமெரிக்கக் காடுகளில் நூறு அடி மரங்களைச் சில வருஷங்களில் நின்ற நிலையிலேயே காயவைத்துவிட்டது. ஆப்பிரிக்காவிலும் 1986ல் மலாவியில் தென்பட்ட சைப்ரஸ் அசுவினி பக்கத்து நாடுகளுக்கும் பரவி, தோட்டம் தோட்டமாக சைப்ரஸைக் கருக்கியது. இந்த இரண்டைப் பற்றியும் நாம் பயப்பட வேண்டியதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒன்று அவ்வளவு பெரிய மரத்தை எப்படிச் சாய்க்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும்.

குடிப்பது நிறைய, உடம்பில் ஒட்டுவது கொஞ்சம்

இந்தப் பூச்சிகளுக்குக் கடிக்கும் வாய் கிடையாது. தலைமுடியைவிட மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அசுவினியும் மாவுப்பூச்சியும் அதை இலையிலோ இளந்தண்டிலோ செருகி, மரம் தன் இலையில் சமைத்த சர்க்கரைப் பாகு ஓடும் குழாயைத் தேடிப் பிடிக்கும். அந்தக் குழாயில் சாறு அழுத்தத்தோடு ஓடுவதால் உறிஞ்சக்கூட வேண்டாம், தானாக வாயில் ஏறும். ஆராய்ச்சியாளர்கள் அசுவினியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஊசியை மரத்தில் விட்டுவைப்பதுண்டு. அதன் வழியே சாறு மணிக்கணக்கில் கசியும். மரச்சாற்றைச் சேகரிக்க இது ஒரு வழி.

ஆனால் அந்தச் சாற்றில் சர்க்கரை அதிகம், உடம்பு வளரத் தேவையான புரதச்சத்து ரொம்பக் கம்மி. பதநீரை மட்டும் குடித்து ஒருவன் உடம்பு தேற்ற நினைத்தால் எத்தனை குடம் குடிக்க வேண்டும்? பூச்சியும் அதைத்தான் செய்கிறது. புரதத்துக்காகக் குடம் குடமாகக் குடித்துவிட்டு, வேண்டாத சர்க்கரையைப் பின்பக்கம் சொட்டுச் சொட்டாக விடுகிறது. மரத்தடியில் நிறுத்திய காரின் கண்ணாடியில் பிசின் தெளித்தது போல ஒட்டுகிறதே, அது இதுதான். தேன்கழிவு என்று சொல்கிறார்கள்.

கழிவு என்று சொன்னதால் முகம் சுளிக்க வேண்டாம். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் ஊசியிலை மரங்களின் அசுவினி விடும் இந்தச் சொட்டைத் தேனீக்கள் சேகரிக்கின்றன. அந்தக் கறுத்த தேனுக்கு அங்கே நல்ல விலை. நம் மார்த்தாண்டத்துத் தேனிலும் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை, ரப்பர் மரத்தின் இளந்தளிரில் ஊறும் இனிப்பிலிருந்து வருகிறது என்பது தேனீ வளர்ப்பவர்களுக்குத் தெரியும். (அது ரப்பர் மரம் தானே ஊறவிடும் தேன், பூச்சிக் கழிவு அல்ல. யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) விவிலியத்தில் இஸ்ரவேலர் பாலைவனத்தில் பொறுக்கித் தின்ற மன்னா, ஒருவகைச் செதில் பூச்சியின் உறைந்த தேன்கழிவாக இருக்கலாம் என்று கருதுகிற அறிவியலாளர்களும் உண்டு.

சரி, நம் முற்றத்துக்கு வருவோம். இந்தச் சர்க்கரை இலைமேல் படிந்தால் இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று கரும்பூஞ்சணம். அடுப்புக்கரி பூசியது போல இலையெல்லாம் கறுத்துவிடும். அது மரத்தைத் தின்பதில்லை, சர்க்கரையை மட்டும்தான் தின்கிறது. ஆனால் வெயிலை மறைத்துவிடும். தென்னந்தோப்பில் சுருள் வெள்ளை ஈ வந்து ஓலை கறுத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, அதே சங்கதிதான்.

இரண்டாவது விருந்தாளி எறும்பு. என் கணக்கில் இந்தக் கதையின் உண்மையான கதாநாயகன் இவன்தான்.

எறும்பு எங்கே போகிறது என்று பாருங்கள்

எறும்புக்கு அசுவினியும் மாவுப்பூச்சியும் கறவை மாடு. மாட்டைக் காப்பது போலவே காக்கும். பொறிவண்டு வந்தால் விரட்டும். மாவுப்பூச்சிமேல் முட்டையிட வரும் பொடிக் குளவியை அண்டவிடாது. தேன்கழிவு தேங்கினால் பூச்சியே அதில் மூழ்கிப் பூஞ்சணம் பிடித்துச் சாகும். எறும்பு அதை அப்போதைக்கப்போது வழித்துக் குடித்துச் சுத்தம் செய்துவிடும். சில எறும்புகள் பூச்சிக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுக் கொப்பில் குடியேற்றவும் செய்யும். மாவிலும் கொல்லாமரத்திலும் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு மற்றப் புழுக்களைப் பிடித்துத் தின்று நமக்கு நன்மை செய்வதுதான். ஆனால் மாவுப்பூச்சி விஷயத்தில் அதுவும் மாட்டுக்காரன் பக்கம்தான்.

அதனால் புதிதாக வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இது: கொப்பில் பூச்சியைத் தேடாதீர்கள், அடிமரத்தில் எறும்பைத் தேடுங்கள். பூச்சி நுனியில் ஒளிந்திருக்கும், எறும்புச் சாரை ஒளியாது. அரக்கேரியாவில் எறும்புக்கு வேறு வேலையே கிடையாது, அங்கே பூவுமில்லை பழமுமில்லை. ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் மேலே கறவை நடக்கிறது என்று அர்த்தம்.

எறும்பு இல்லை என்பதால் பூச்சி இல்லை என்றும் ஆகாது. கெட்டி ஓடுள்ள செதில் பூச்சியும் சிலந்திப்பேனும் தேன்கழிவு விடுவதில்லை. அவை குழாயைத் தேடாமல் இலையின் செல்களையே குத்திக் காலி செய்பவை. அவற்றைக் கண்ணால்தான் தேட வேண்டும்.

யார் யார்?

மாவுப்பூச்சியைச் சொல்லிவிட்டேன். அரக்கேரியாவுக்கென்றே பொன்னிற மாவுப்பூச்சி ஒன்று உண்டு. பஞ்சு வெள்ளையாக இல்லாமல் மஞ்சள் பூசிய மாதிரி இருக்கும், உடம்பு கருஊதா. கிளை தண்டோடு சேரும் இடுக்கிலும் குருத்திலும் ஒட்டியிருக்கும். குருத்தில் வந்தால் ஆபத்து அதிகம், ஏனென்றால் இந்த மரத்தின் வடிவமே நடுக்குருத்தை நம்பி இருக்கிறது. பெண் மாவுப்பூச்சி பஞ்சுப் பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்து குஞ்சுகள் ஊர்ந்து கிளம்பும்.

செதில் பூச்சி ஒரு பூச்சி மாதிரியே இருக்காது. தண்டில் பருக்கள் வந்தது போல, இலையில் யாரோ வெள்ளைப் பொட்டு வைத்தது போல இருக்கும். நகத்தால் சுரண்டுங்கள். ஓடு தனியாக, கீழே உடம்பு தனியாகப் பெயர்ந்தால் அதுதான். குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் நடக்கும். ஒரு இடத்தில் ஊசியைக் குத்தி உட்கார்ந்துவிட்டால் பெண் பூச்சி சாகும்வரை நகராது.

அசுவினி கூட்டமாக இளநுனியில் இருக்கும். துஜா, சைப்ரஸ் வகைகளில் வரும் அசுவினி பழுப்பும் சாம்பலுமாகத் தண்டு நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. ஆணே இல்லாமல் பெண் மட்டும் குட்டி போட்டுக்கொண்டே போகும். பிறக்கும் குட்டியின் வயிற்றுக்குள் அடுத்த குட்டி ஏற்கெனவே வளர ஆரம்பித்திருக்கும். "பத்து நாளைக்கு முன்னாடி ஒண்ணும் இல்லையே" என்று நாம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால். சாறு உறிஞ்சுவதால் இங்கே சேர்த்துப் பேசுகிறோம். இலை வெளிறி, புழுதி படிந்தது போலச் சாம்பலடித்துப் போனால் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றைக் கொப்புக்குக் கீழே பிடித்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசியில் சில நடக்க ஆரம்பித்தால் முடிந்தது சந்தேகம். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, செல்போன் கேமராவைப் பெரிதாக்கினாலும் போதும்.

இவற்றுக்கெல்லாம் நம் மாவட்டத்தில் ஒரு காலம் உண்டு. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் நமக்குக் கிடைப்பதால் வருஷத்தில் பாதி நாள் மழையே மரத்தைக் கழுவிக் கொடுத்துவிடும். மார்கழி முடிந்து மழை ஓய்ந்து, தை மாசி வெயில் ஏற ஆரம்பிக்கும்போதுதான் கூட்டம் பெருகும். கோடைமழை இரண்டு வலுவாகப் பெய்தால் தானாகக் குறையும். ஆகவே ஜனவரி முதல் மே வரை வாரம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் போதும்.

பழுப்பு எல்லாம் பூச்சி அல்ல. உள்பக்கத்துப் பழைய இலைகள் காய்ந்து உதிர்வது இயற்கை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கிற பக்கம் தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கு, காற்று படும் பக்கம் மட்டும் கருகினால் அது வறட்சி. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் துஜா உப்புக்காற்றிலும் கருகும். அரக்கேரியா உப்பைத் தாங்கும். தேங்கிய தண்ணீரில் வேர் அழுகினாலும் இலை பழுப்புதான். இதற்கெல்லாம் மருந்தடித்தால் காசும் போய் மரமும் போகும்.

என்ன செய்வது?

என் கதைக்கு வருகிறேன். பாட்டி காட்டிய அன்றே கடைக்கு ஓடி, கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கி, மத்தியான வெயிலில் அடித்தேன். மூன்றாம் நாள் நுனி கருகியது. மாவுப்பூச்சி அதன் பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

எறும்பை நிறுத்துவதுதான் முதல் வேலை. அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் துணியோ பிளாஸ்டிக் டேப்போ இறுக்கமில்லாமல் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். நேரடியாகப் பட்டையில் தடவினால் மரத்துக்குக் கேடு. மழைக்குப் பிறகும் புழுதி படிந்த பிறகும் புதுப்பிக்க வேண்டும். தொட்டிச் செடி என்றால் தண்ணீர்த் தட்டில் இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றிவிடுங்கள், அகழி தயார். கொசு வராமல் தண்ணீரை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

நான் கிரீஸ் தடவி ஒரு வாரம் ஆகியும் எறும்பு குறையவில்லை. அடியில் ஒன்றுகூட இல்லை, மேலே மட்டும் ஜேஜே என்று இருக்கிறது. எங்கிருந்து வருகிறது? ஒரு காலை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததில்தான் பிடிபட்டது. கிறிஸ்துமஸுக்கு வீட்டு மாடியிலிருந்து மரத்துக்கு இழுத்த சீரியல் செட் வயரை நான் கழற்றவே இல்லை. சாரை சாரையாக அந்த வயரில் நடந்து வந்துகொண்டிருந்தன. பாலம் போட்டுக் கொடுத்தவன் நானேதான். துணிக்கொடி, மதிலைத் தொடும் கீழ்க்கிளை, பக்கத்துச் செம்பருத்தியின் கொப்பு எல்லாமே இந்த மாதிரிப் பாலங்கள்தான். அதையெல்லாம் அறுத்த பிறகே கிரீஸுக்கு வேலை.

அடுத்தது தண்ணீர். ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடிப் பீய்ச்சினால் வரும் வேகம் போதும். காலை வேளையில் கீழிருந்து மேலாக, இடுக்குகளில் அடியுங்கள். விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை திரும்பி ஏறுவதில்லை. சிலந்திப்பேனுக்கு இதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரியாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம் செய்தால் சின்னச் செடியில் பாதிப் பிரச்சினை தீரும். புழுதியும் போகும். சாலையோர வீடுகளில் புழுதி படிந்த மரத்தில் பூச்சி அதிகம் இருப்பது தற்செயல் அல்ல. நன்மை செய்யும் பொடிக் குளவிகளுக்கும் பேன்தின்னிகளுக்கும் புழுதி ஆகாது.

இடுக்கில் திட்டுத் திட்டாக இருக்கும் மாவுப்பூச்சியைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுக்கலாம். பொறுமை வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், தொட்டிச் செடி என்றால்.

இதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் கொஞ்சம் காதி சோப்பைச் சீவிக் கரைத்துக்கொண்டு, பிறகு 5 மில்லி வேப்பெண்ணெயை ஊற்றிக் குலுக்குங்கள். பால் போல வெளுத்து வர வேண்டும். எண்ணெய் தனியே மிதந்தால் அடிக்காதீர்கள், அது இலையைச் சுடும். துணிக்குப் போடும் சோப்புத்தூள் வேண்டாம், அதுவும் இலையைக் கெடுக்கும். அடிக்கும் நேரம் சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு. முந்தின நாளே செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். முதலில் ஒரே ஒரு கொப்பில் அடித்து மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றதில் அடியுங்கள். நீலம் பூத்த ஜூனிபரில் எண்ணெய் பட்டால் அந்த நீலப் பூச்சு கழன்று வெறும் பச்சையாகிவிடும். செடிக்கு ஆபத்தில்லை, அழகு போகும். அதற்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். மாவுப்பூச்சிக்கு வேளாண் துறையினர் சொல்லும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பும் உண்டு, லிட்டருக்கு 25 கிராம். நாற்றம் தாங்காது என்பார்கள். கடற்கரைக்காரர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஒருமுறை அடித்துவிட்டுக் கையைக் கழுவ முடியாது. முட்டைக்குள் இருப்பது சாகாது, முட்டை பொரிந்து வரும் குஞ்சைத்தான் பிடிக்க முடியும். ஆகவே ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. இந்த மூன்றாவது தடவையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

கடையில் "வேரில் ஊற்றினால் மரம் முழுக்க ஏறும்" என்று இமிடாக்ளோபிரிட் மாதிரி மருந்து கொடுப்பார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் அது சிலந்திப்பேனைக் கொல்லாது. பேனைத் தின்னும் எதிரிகள் செத்துப் போய்ப் பேன் பெருகிய அனுபவம் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. தேனீக்கும் விஷம். ஐரோப்பிய ஒன்றியம் 2018ல் திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தத் தடை போட்டதே தேனீயால்தான். தேன்பெட்டிகள் நிறைந்த மாவட்டத்தில் ஒரு அழகுச் செடிக்காக அதை ஊற்றுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. நாற்பது அடி மரம் என்றால் எதையும் அடிக்க ஆசைப்படவே வேண்டாம். எறும்பைத் தடுத்து, கோடையில் வேருக்குத் தண்ணீர் விட்டு, மிச்சத்தை மற்றவர்களிடம் விடுங்கள்.

யார் அந்த மற்றவர்கள்? கிரிப்டோலேமஸ் என்று ஒரு பொறிவண்டு. மிளகளவு இருக்கும், கருத்த முதுகு, செம்மண் நிறத் தலை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். காபிச் செடியின் செதில் பூச்சிக்காக வந்தது, மாவுப்பூச்சியைத் தின்று தென்னிந்தியாவிலேயே தங்கிவிட்டது. இதில் ஒரு விபரீதம் உண்டு. இதன் புழு வெள்ளை மெழுகு இழைகளோடு பெரிய மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்! ஸ்பிரிட் குச்சியோடு உட்கார்ந்த முதல் நாளில் நான் எத்தனை ஓநாயைக் கொன்றேனோ தெரியவில்லை. அடையாளம் இதுதான்: மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, அலங்கோலமான இழைகளோடு, விறுவிறுவென்று நடந்தால் விட்டுவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு அவ்வளவு அவசரம் கிடையாது.

இந்த உதவியாளர்களின் பலத்தை மரச்சீனி (மரவள்ளி) போடுகிறவர்கள் கண்ணால் கண்டிருப்பார்கள். 2008ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரச்சீனி என்று தமிழ்நாடு முழுக்கப் புகுந்தது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற பொடிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். எறும்பைவிடச் சிறிய அந்தக் குளவிதான் அதை அடக்கியது. அதே குளவி அரக்கேரியா மாவுப்பூச்சியைத் தொடாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. ஆனால் எறும்பை விலக்கி, விஷத்தை நிறுத்தினால் நம் முற்றத்துக்கும் அதற்கேற்ற ஆள் வந்துசேரும். எங்கள் வீட்டில் ஏப்ரல் கடைசியில் பொறிவண்டுகள் தென்பட்டன. மே மழைக்குப் பிறகு பஞ்சைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

பூச்சியே வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், பாதி வழி நர்சரியிலேயே இருக்கிறது. டிசம்பர் அவசரத்தில் வாங்கும் செடியில்தான் பூச்சியும் இலவசமாக வருகிறது. வாங்கும்போது கிளை இடுக்கைப் பாருங்கள், தொட்டியிலிருந்து மெல்ல உருவி வேரில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள், வேரில் சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சியும் உண்டு. வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று வாரம் மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். வேகமாக வரும் கொழுத்த தளிர் அசுவினிக்குக் கல்யாண விருந்து. மக்கிய தொழுஉரம் வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். வீட்டுக்குள் அலங்கரித்து வைப்பது ஒரு வாரம், பத்து நாளோடு நிற்கட்டும். வெளிச்சமில்லாமல், ஃபேன் காற்றில் காயும் செடி பூச்சிக்குச் சுலபமாக மடங்கும்.

என்ன பூச்சி என்றே பிடிபடவில்லை என்றால், பாதித்த நுனி ஒன்றை வெட்டி பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கக் கட்டி, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டலாம். கவரைத் திறந்தபடி பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள், ஊர் முழுக்க விதைத்துவிட்டுப் போவீர்கள்.

எங்கள் மரம் பிழைத்துக்கொண்டது. கீழிருந்து மூன்றாவது அடுக்கில் ஒரு கிளை மட்டும் இல்லை, நான் மத்தியான வெயிலில் மருந்தடித்த பக்கம். போன டிசம்பரில் ஸ்டாரை மரத்தில் கட்டவில்லை, தனியாக ஒரு மூங்கில் நட்டு அதில் ஏற்றினோம். வயர் மரத்தைத் தொடாமல் போகிறது. பாட்டிக்கு அது பிடிக்கவில்லை. "மரம் இருக்கப்ப கம்புல கொண்டு கெட்டியிருக்கியே மக்களே, எறும்புக்குப் பயந்தா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன்.